அவ்ரோ எப்போது வரும் என்று கேட்பவர்களுக்கு

"சும்மா குடுக்கறதுல என்னங்க தரம் இருக்கும்?" என்பார் ஒருவர். "தேதி சொல்லாம வேலை செய்யறான்னா, வேலையே செய்யலைன்னு அர்த்தமுங்க" என்பார் இன்னொருவர். இருவரும் பனியன் தொழிலிலேயே தலை நரைத்தவர்கள். அவிநாசியிலிருந்து திருப்பூர் வரை எந்த டீக்கடையில் பேச்சை எடுத்தாலும் இதே தீர்ப்புதான் கிடைக்கும்.

விஷயம் இவ்வளவுதான். கணினித் திரைக்கு முன்னால் ஜாய்ஸ்டிக்கும் பெடலுமாக உட்கார்ந்து விமானம் ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள் இந்த வட்டாரத்திலும் உண்டு. அவர்களில் என்னைப் போன்ற சிலர், ஒரு காலத்தில் இந்தியன் ஏர்லைன்ஸ் ஓட்டிய அவ்ரோ 748 இன்றைய சிமுலேட்டர்களுக்கு ஏற்ற வடிவில், இலவசமாக வந்து சேராதா என்று காத்திருக்கிறோம். இப்படிப்பட்ட பழைய விமானங்களைச் செய்து தருபவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். பகலில் ஒரு வேலை, இரவில் இந்த வேலை. ஊரார் பார்வையில் அவர்கள் வாய்ச்சொல் வீரர்கள், நாங்கள் ஏமாளிகள். சிமுலேட்டர் ஓட்டுபவர்களிலேயே கணிசமானோர் இப்படித்தான் பேசுகிறார்கள். காசு கொடுத்தால் தரமாகவும் கிடைக்கும், நேரத்துக்கும் கிடைக்கும். இலவசத்தை நம்பினால் இரண்டும் கிடைக்காது என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் முழுக்கத் தவறு என்பது என் கட்சி.

முதலில் தரத்தைப் பார்ப்போம். 1982இல் மைக்ரோசாஃப்ட் தன் முதல் ஃப்ளைட் சிமுலேட்டரை வெளியிட்டது. 2006இல் அதன் எஃப்எஸ்எக்ஸ் என்ற பதிப்பு வந்தது. 2009 ஜனவரியில், அதை உருவாக்கிய ஏசஸ் என்ற தன் பிரிவையே அந்த நிறுவனம் இழுத்து மூடியது. காசு வாங்கி விற்ற பொருள்தான், உலகம் முழுக்க வாடிக்கையாளர்கள் இருந்த பொருள்தான். ஆனாலும் லாபக் கணக்கு ஒத்துவரவில்லை என்றதும் கடையைக் கட்டிவிட்டார்கள். 2012இல் 'ஃப்ளைட்' என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்து, அதையும் அதே ஆண்டில் கைவிட்டார்கள். அடுத்த முழுமையான சிமுலேட்டர் வர 2020 ஆகஸ்ட் ஆயிற்று. இடையில் 14 ஆண்டுகள். லாக்ஹீட் மார்ட்டின் அந்த மென்பொருளின் உரிமையை வாங்கி பிரிபேர்3டி என்று நடத்தியதும், எஃப்எஸ்எக்ஸ் 2014இல் ஸ்டீம் தளத்தில் மறுபடி விற்பனைக்கு வந்ததும் உண்மைதான். அந்த ஆண்டுகளில் விமானங்களை விற்று வந்த சிறு நிறுவனங்களையும் மறுப்பதற்கில்லை. ஆனால் பழைய விமானங்களைத் தேடிப்போனவர்களுக்குப் பெரும்பாலும் கைகொடுத்தவர்கள் காசு வாங்காதவர்களே. இங்கிலாந்தின் டேவிட் மால்ட்பி செய்த பிஏசி 1-11, டிரைடன்ட், விசி10 ஆகியவற்றை ஓட்டிப் பார்த்த எவரும் இலவசம் என்றால் மட்டம் என்று பேச மாட்டார்கள். அவ்ரோவே ஒரு முறை இலவசமாக வந்ததுதான். ரிக் பைப்பரும் அவருடைய தோழர்களும் எஃப்எஸ்2004, எஃப்எஸ்எக்ஸ் காலத்தில் அதைச் செய்து கொடுத்தார்கள்.

அது பழைய கதை, இப்போது தரத்தின் அளவே வேறு என்று சொல்லலாம். சரி, இப்போதைய கதையையே பார்ப்போம். 2020 சிமுலேட்டரோடு வந்த ஏர்பஸ் ஏ320நியோவில் குறைகள் மலிந்திருந்தன. அதே ஆண்டில் ஃப்ளைபைவயர் என்ற தன்னார்வலர் குழு அதைத் திருத்தத் தொடங்கியது. நிரலை எல்லோரும் பார்க்கலாம், எல்லோரும் கைவைக்கலாம், காசு கிடையாது. பிறகு அதே குழு ஏ380 விமானத்தையும் இலவசமாகவே தந்தது. எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டர் பக்கம் போனால் போயிங் 737க்கு ஸீபோ என்ற இலவசத் திருத்தம் இருக்கிறது. இவற்றை விற்பனைப் பொருள்களோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். பல இடங்களில் இவையே தேவலை என்றும் சொல்கிறார்கள். இந்த மாடல்களை வடிக்கப் பலரும் பயன்படுத்தும் பிளெண்டர் மென்பொருளே ஆர்வலர்கள் 2002இல் 1,00,000 யூரோ திரட்டிக் கொடுத்துப் பொதுவுடைமையாக்கிய ஒன்று.

நம் வீட்டுப் பக்கமே சான்று இருக்கும்போது இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்திலிருந்து சிற்றிலக்கியம் வரை தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, உலகத்துக்கே இலவசமாக வைத்தவர்கள் கூலி வாங்கியா செய்தார்கள்? எந்த நூல் எந்தத் தேதியில் வரும் என்று அவர்கள் கழுத்தில் யாராவது துண்டைப் போட்டார்களா?

இனி தேதி. இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்கள் மிக உறுதியாக நிற்கிறார்கள், நிற்பதற்குக் காரணமும் இருக்கிறது. ஷிப்மென்ட் தேதி தவறினால் பையர் தள்ளுபடி கேட்பார், அல்லது கப்பலில் போக வேண்டிய சரக்கைச் சொந்தச் செலவில் விமானத்தில் ஏற்றச் சொல்வார். கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒவ்வொரு மேசையும் தேதியைப் பார்த்தே நகர்கிறது. அந்த வாழ்க்கையில் தேதி சொல்லாதவன் மோசக்காரன் என்பது அனுபவம் கற்றுத்தந்த பாடம். ஆனால் அந்தத் தேதிக்குப் பின்னால் ஆர்டர் இருக்கிறது, அட்வான்ஸ் இருக்கிறது, வங்கிக் கடன் கடிதம் இருக்கிறது. கேட்பதற்கு உரிமை அங்கிருந்து வருகிறது.

தேதி கேட்கும் உரிமை என்றால் என்னவென்று அவிநாசிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்துக்காக ஏறத்தாழ 60 ஆண்டுகள் காத்திருந்த மண் இது. 2016 பிப்ரவரியில் இதே ஊரில் காலவரையற்ற உண்ணாவிரதம் இருந்தார்கள். 2024 ஆகஸ்ட் 17 அன்றுதான் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அரசிடம் தேதி கேட்டது நியாயம். வரி நம்முடையது, வாக்கு நம்முடையது, தண்ணீர் நம் உரிமை. எங்கோ ஓர் ஊரில் தன் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு நள்ளிரவில் ஒரு காக்பிட் பேனலை வரைந்துகொண்டிருப்பவரிடம் நமக்கு என்ன பாத்தியதை? அவர் நம்மிடம் எதையும் வாங்கவில்லை. வாக்குறுதி என்று அவர் சொன்னதும் பெரும்பாலும் 'செய்துகொண்டிருக்கிறேன்' என்ற ஒற்றை வரிதான்.

காசு வாங்கியவர்களாவது நேரத்துக்குத் தருகிறார்களா? பிஎம்டிஜி பெரிய விற்பனை நிறுவனம். 2020 சிமுலேட்டருக்கான அதன் 777, 2024 நடுவில்தான் வெளிவந்தது. விலை கட்டிய பொருளும் தாமதமாகும் என்றால், தாமதத்துக்குக் காரணம் விலையின்மை என்று எப்படிச் சொல்வது?

அப்படியானால் அவ்ரோ போன்றவை ஏன் இவ்வளவு இழுக்கின்றன? ஏ320ஐ ஃப்ளைபைவயர் குழு எப்படி அவ்வளவு வேகமாக நகர்த்தியது என்று யோசித்தால் பதில் தானாகவே வந்து நிற்கும். அந்த விமானம் இன்றைக்கும் ஆயிரக்கணக்கில் பறக்கிறது. அதன் கையேடுகள், படங்கள், வீடியோக்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. சந்தேகம் வந்தால் நேற்று அதை ஓட்டிய பைலட்டிடமே கேட்டுக்கொள்ளலாம். அங்கேயும் இலவச உழைப்புதான், இங்கேயும் இலவச உழைப்புதான். வேறுபாடு காகிதத்தில் இருக்கிறது.

திருப்பூர்க்காரருக்கு இதைச் சொல்ல எனக்கு ஒரு வழிதான் தெரியும். பையர் டெக் பேக் அனுப்புகிறார். அளவுப் பட்டியல், துணியின் ஜிஎஸ்எம், தையல் வகை, லேபிள் வைக்கும் இடம் எல்லாம் அதில் இருக்கின்றன. சாம்பிள் டெய்லர் ஒரு தேதி சொல்லிவிடுவார். இன்னொருவர், 60 ஆண்டுக்கு முன்பு எடுத்த மங்கலான போட்டோ ஒன்றைக் காட்டி, இதே சட்டை, இதே துணி, உள்தையல்கூட மாறக் கூடாது என்கிறார். எந்த டெய்லர் தேதி சொல்வார்? சொன்னால்தான் அவரைச் சந்தேகிக்க வேண்டும்.

அவ்ரோவின் எஞ்சின் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரோல்ஸ்-ராய்ஸ் டார்ட். காற்றை அமுக்கும் கம்ப்ரஸர், அதைச் சுழற்றும் டர்பைன், பற்சக்கரப் பெட்டி வழியாகப் புரொப்பல்லர் என எல்லாமே ஒரே தண்டில் கோத்தவை. டேக்-ஆஃபில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு 15,000 சுற்றுச் சுற்றும். சிமுலேட்டரில் ஆயத்தமாகக் கிடைக்கும் டர்போபிராப் கணக்கோ, பிராட் அண்ட் விட்னி பிடி6 போன்ற எஞ்சின்களை மனதில் வைத்துப் போட்டது. அவற்றில் புரொப்பல்லரைச் சுழற்றும் டர்பைன் தனித் தண்டில் இருக்கும். அந்தக் கணக்குக்குள் டார்ட்டைத் திணித்தால் த்ராட்டிலைத் தள்ளும்போது சுற்றும் சத்தமும் சூடும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நிற்கும். ஆகவே கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.

அதோடும் முடியவில்லை. அன்றைய வெப்பநிலையையும் ஓடுபாதையின் உயரத்தையும் பார்த்து டார்ட்டின் எரிபொருள் டிரிம்மை வைக்க வேண்டும். தப்பினால் டர்பைன் சூடேறும். வெயிலில் இழந்த வலுவை மீட்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்து பீய்ச்சும் ஏற்பாடு ஒன்று உண்டு. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 400 மீட்டர் மேலே, கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டில், ஏப்ரல் மத்தியானத்தில், முழுப் பாரத்தோடு கிளம்பும் விமானிக்கு அது அலங்காரப் பொருளா? தரையில் புரொப்பல்லரின் இதழ்கள் தட்டையாகத் திரும்பும். வானில் அப்படித் திரும்பிவிடக் கூடாது என்பதற்குத் தடுப்புகள் உண்டு. தரையிறங்கியதும் அந்தத் தடுப்பை விலக்க வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடமும் ஓர் அட்டவணையும் ஓர் எண்ணும் தேவை. ஊகத்தில் போட்டால் திரையில் பறப்பது அவ்ரோ ஆகாது, அவ்ரோவின் பெயின்ட் அடித்த வேறு ஏதோ ஆகும். டார்ட்டின் ஓசைக்கோ ஊகமே உதவாது. தரையில் நிற்கும்போது காதைத் துளைக்கும் அந்தக் கிரீச்சிடலைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அதைப் பதிவு செய்ய ஓடும் எஞ்சின் வேண்டும்.

எஃப்எஸ்எக்ஸில் இருந்ததை அப்படியே தூக்கி இங்கே வைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். அந்தக் காலத்து மாடலின் வளைவுகளும் மேற்பூச்சும் மீட்டர்களின் நிரலும் அந்தக் காலத்து மென்பொருளுக்காகச் செய்தவை. இன்றைய திரையில் அவற்றின் வயது தெரிந்துவிடும். உள்ளே நிறைய மறுபடி எழுத வேண்டும். அதற்குள் 2024 நவம்பரில் இன்னொரு புதிய சிமுலேட்டர் வந்து, செய்தவற்றில் சிலவற்றை மறுபடி திருத்தவைத்தது. அந்தக் கோபத்தை மைக்ரோசாஃப்ட் மீது காட்டுவதை விட்டுவிட்டு மாடல் செய்பவர் மீது காட்டுவது எளிதாக இருக்கிறது போலும்.

மூன்றாவது குரல் ஒன்று உண்டு. அது கொஞ்சம் படித்தவர்களுடையது. "அது கிடக்கட்டும், பழைய டப்பா விமானத்துக்கு ஏன் இவ்வளவு ஏக்கம்? சூலூரில் தேஜஸ் நிற்கிறது, அதைச் செய்யச் சொல்லுங்களேன்." பழமை மேல் மயக்கம் என்று இதை ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு மயக்கம் ஒன்றுமில்லை. அவ்ரோ வசதியான விமானமும் இல்லை. இறக்கை கீழே இருப்பதால் நடுவில் உட்கார்ந்தவருக்குப் பூமி தெரியாது. அதற்கு இறக்கை மேலே இருந்த ஃபோக்கர் ஃப்ரெண்ட்ஷிப் எவ்வளவோ மேல்.

ஆனால் கோவை விமான நிலையம் 1940இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் சிறிய ஓடுபாதையோடுதான் இருந்தது. அதில் இறங்கியவை டகோட்டாவும் ஃபோக்கரும் அவ்ரோவும்தான். 1980களில் ஓடுபாதையை நீட்டிய பிறகே ஜெட் வந்தது. இன்றைக்கு அவிநாசி ரோட்டில் மேம்பாலத்தில் போகும்போது தலைக்கு மேல் இறங்கும் ஏர்பஸ்ஸுக்கு முந்தைய அத்தனை காலமும் இந்த மூன்று விமானங்களுக்குள் இருக்கிறது. அந்த அவ்ரோ வெளிநாட்டில் வாங்கியதுமல்ல. இங்கிலாந்தின் வுட்ஃபோர்டில் 1960 ஜூன் 24 அன்று முதன்முதலாகப் பறந்த வடிவமைப்பை உரிமம் பெற்றுக் கான்பூரில் கட்டினார்கள். முதல் விமானம் 1961 நவம்பர் 1 அன்று பறந்தது. ஓராண்டுக்கு முன் மறைந்த விமானப்படைத் தலைவர் சுப்ரதோ முகர்ஜியின் நினைவாக அதற்கு 'சுப்ரதோ' என்று பெயர் வைத்தார்கள். உலகம் முழுக்கக் கட்டிய 380இல் 89 கான்பூரில் கட்டியவை. ராஜீவ் காந்தி அரசியலுக்கு வருவதற்கு முன் இந்தியன் ஏர்லைன்ஸில் ஓட்டியதும் இதைத்தான்.

கடலைத் தாண்டிப் போனால் இதே பெயருக்கு வேறு முகம். ஏர் சிலோனின் அவ்ரோ 1978 செப்டம்பர் 7 அன்று இரத்மலானையில் குண்டுவெடிப்பில் அழிந்தது. இலங்கை விமானப்படையின் இரண்டு அவ்ரோக்கள் 1995 ஏப்ரல் இறுதியில், பலாலிக்கு அருகே, அடுத்தடுத்த நாட்களில் சுட்டு வீழ்த்தப்பட்டன. போர்க் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவருக்கு அந்த விமானம் கோடை விடுமுறையை நினைவூட்டாது. ஒரே உலோகக் கூட்டுக்குள் இத்தனை வரலாறு இருக்கும்போது அதை ஏக்கம் என்ற ஒரு சொல்லில் மூடிவிட முடியாது. தேஜஸ் இன்னும் பல பத்தாண்டு பறக்கும். அதைச் செய்யப் பின்னாலும் ஆள் வரும், காகிதமும் கிடைக்கும்.

இந்தக் கான்பூர் அவ்ரோவைச் சந்தை செய்து தருமா? பழைய விமானங்களுக்குச் சந்தையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதே பிஎம்டிஜி 2021இல் டிசி-6ஐ விற்றது, நன்றாகவே செய்திருந்தது. ஆனால் டிசி-6க்கு அமெரிக்காவில் வாங்க ஆள் உண்டு. இந்தியன் ஏர்லைன்ஸின் உள் அமைப்போடு, நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற அட்டவணைகளோடு, கான்பூர் அவ்ரோவைக் காசு கொடுத்து வாங்க எத்தனை பேர் இருப்போம்? எந்த வியாபாரியும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு 737க்குத் திரும்பிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். லாபம் வராத இடத்தில் சம்பளம் வாங்காதவர்தான் வந்து நிற்பார், அவருடைய வேகத்தில்தான் வேலை நடக்கும்.

எங்கள் கூட்டத்தையும் சும்மா விடுவதற்கில்லை. காத்திருப்பவர்களில் பலர் காத்திருப்பதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை. 'இருப்பதை இருக்கிறபடி வெளியிடுங்கள், பிறகு திருத்திக்கொள்ளலாம்' என்று நச்சரிப்பார்கள். வெளியிட்டால் குறைகளை அடுக்கிக் கேலி செய்வதும் அவர்களே. இன்னும் சிலர் இலவசமாகக் கிடைத்ததைப் பெயர் மாற்றி விற்றுப் பார்த்ததும் நடந்திருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் ஒருவர் அடுத்த விமானத்தில் கைவைக்கிறார் என்றால் அவரிடம் எப்போது வரும் என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை. என்ன இல்லை என்று கேட்கலாம். இருக்கையின் துணி என்ன நிறம், முன்கதவின் உள்பக்கம் எப்படி, மீட்டர்களின் எழுத்து எந்த வடிவம் என்று மாடல் செய்பவர்கள் தேடுவதெல்லாம் கோவையிலும் சென்னையிலும் ஓய்வுபெற்ற பொறியாளர்களின் அலமாரியிலோ, கல்யாண ஆல்பத்துக்கு நடுவில் செருகிவைத்த ஒரு போட்டோவிலோ இருக்கக்கூடும்.

அவ்ரோவின் காகிதங்களில் பெரும் குவியல் இருக்க வேண்டிய இடம் வேறு. இந்தியன் ஏர்லைன்ஸ் 2007இல் ஏர் இந்தியாவில் கரைந்தது. ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடாவிடம் போனது. இத்தனை கைமாற்றத்தில் கழித்துக்கட்டிய விமானத்தின் புத்தகங்களை யார் எண்ணிப் பார்த்திருப்பார்கள்? ஆனால் கான்பூரில் அவற்றைக் கட்டிய ஹெச்.ஏ.எல். இன்றும் பொதுத்துறை நிறுவனம். 2001 முதல் பெங்களூரில் அருங்காட்சியகம் நடத்துகிறது. விமானப்படையின் அவ்ரோக்களுக்கு மாற்றாக 56 சி-295 விமானங்களுக்கு 2021 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். அவற்றில் 40 வதோதராவில் உருவாகின்றன. அவை வந்து சேரச் சேர அவ்ரோக்கள் ஓய்வுக்குப் போகும். 1960இன் வடிவமைப்பில் மறைக்க வேண்டிய ராணுவ ரகசியம் என்ன மிஞ்சியிருக்கிறது? பராமரிப்புப் புத்தகங்களை ஸ்கேன் செய்து பொதுவில் வைக்கலாம். ஓய்வுக்குப் போகும் விமானம் ஒன்றைத் தரையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சுற்றிலும் மைக் வைத்துப் பதிவு செய்ய அனுமதிக்கலாம். தேதி கேட்டே தீர வேண்டும் என்றால் கேட்க வேண்டிய இடம் இதுதான். இங்கே நம் வரிப்பணம் இருக்கிறது, பதில் சொல்லும் கடமையும் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்து 20 ஆண்டுகள் ஆகிவிட்டன. இலவசம் என்றாலே முகம் சுளிப்பவர்களுக்கு ஓர் ஆறுதல்: மத்திய அரசு நிறுவனத்துக்குப் போடும் அந்த மனுவுக்குக் கட்டணம் உண்டு, 10 ரூபாய்.